லயத்து வீட்டுச் சாவியும் சேமநிதியும்: வாசகர் கேள்வி – பதில்

(மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 31 ஆண்டுகள் சம்பளக் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் குடும்பக் கணக்குக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறார்.)

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு 47 வயது. கூலிமில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சம்பளம் 3,200 வெள்ளி (ரிங்கிட்). மனைவி பள்ளிக் கேன்டீனில் வேலை செய்கிறாள், 1,700 வெள்ளி. சுங்கைப் பட்டாணியில் மலிவு விலை வீடு. வீட்டுக்கடன் இன்னும் 14 வருஷம் இருக்கிறது. ஊழியர் சேமநிதியில் (இ.பி.எஃப்.) மொத்தம் 96,000. அதில், படிப்பு, வீடு போன்றவற்றுக்கு முன்கூட்டியே எடுக்கக்கூடிய செஜாத்ரா கணக்கில் மட்டும் 27,000. மகள் படிவம் 5 முடித்து எஸ்.பி.எம். தேர்வில் 8 ஏ எடுத்திருக்கிறாள். டாக்டருக்குப் படிக்கவேண்டும் என்கிறாள். தனியார் கல்லூரி முகவர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். செஜாத்ரா பணத்தை எடுங்கள், வீட்டின் மேல் மறுபடி கடன் வாங்குங்கள், மீதியை பி.டி.பி.டி.என். (அரசாங்க உயர்கல்விக் கடன் நிதி) பார்த்துக்கொள்ளும் என்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டவேண்டுமாம். மகன் படிவம் 2 படிக்கிறான். என்ன செய்வது? – ம.கு.

பதில்: தம்பி, முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. தோட்டத்தில் பிறந்த அப்பாவின் பிள்ளை 8 ஏ எடுப்பதற்குப் பின்னால் எத்தனை இரவுகள் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் ஆசைக்குக் குறுக்கே நான் நிற்கமாட்டேன். ஆனால் முன்பணம் கட்டாதீர்கள். மாதக் கடைசிக்குள் கட்டினால்தான் இடம் என்று வீட்டுக்கு வந்து சொல்கிறவரிடம் ஒரு மாதம் பொறுத்துப் போவதில் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

இப்போது உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 3,200 வெள்ளியில் உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 352 வெள்ளி. 5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, அது 416. இரண்டும் சேர்ந்து மாதம் 768 வெள்ளி உள்ளே போகிறது. 2024 மே மாதத்திலிருந்து இது மூன்றாகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கு, 15 விழுக்காடு செஜாத்ராவுக்கு, 10 விழுக்காடு ஃபிளெக்சிபலுக்கு. செஜாத்ராவுக்கு உங்களுக்கு மாதம் வருவது 115 வெள்ளிதான். இன்றைக்கு 27,000 எடுத்தால், அந்த ஓட்டையை மாதம் 115 வெள்ளியாகத்தான் அடைப்பீர்கள்.

சேமநிதி 2023ல் 5.5 விழுக்காடு ஈவுத்தொகை கொடுத்தது, 2024ல் 6.3. நான் குறைவான 5.5ஐ வைத்தே கணக்குப் போட்டேன். அந்த 27,000 வெள்ளி எதுவும் செய்யாமல் அங்கேயே கிடந்தால், உங்கள் 60 வயதில் 54,000 ஆகியிருக்கும். முகவர் அதை 27,000 என்று சொல்கிறார். உங்களுக்கு அது 54,000.

எதையும் எடுக்காமல் 60 வரை வேலை செய்தால், சம்பளம் ஏறவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மொத்தம் சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் சேரும். அதை 20 வருஷத்துக்குப் பகிர்ந்தால் மாதம் 1,500 வெள்ளி. இன்றைய விலைவாசியில் இரண்டு பேர் சாப்பிட்டு, மருந்து வாங்கி, தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகளுக்குத் துணி எடுக்கலாம், அவ்வளவுதான். கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கும் கணக்கு இல்லை இது.

என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறொன்று. வீட்டுக்கடன் இன்னும் 14 வருஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். 47உம் 14உம் 61. வேலை 60ல் முடியும், கடன் 61ல் முடியும். இப்போதே ஒரு வருஷம் சம்பளம் இல்லாமல் தவணை கட்டவேண்டிய நிலை. இதன் மேல் மறுகடன் வாங்கி 70 வரை இழுத்தால், அந்தத் தவணை எங்கிருந்து வரும்? சேமநிதியிலிருந்துதான். அப்படியானால் மகள் படிப்புக்காக உங்கள் சேமநிதியை இரண்டு முறை எடுக்கிறீர்கள்: ஒருமுறை இப்போது, இன்னொரு முறை வயதான பிறகு.

நாம் தோட்டத்துப் பிள்ளைகள், தம்பி. பட்டணத்துக்காரருக்கு வேலை போனால் சம்பளம்தான் போகும். நம் அப்பா அம்மாவுக்கு வேலை முடிந்ததும் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. உங்கள் தலைமுறையில் நீங்கள் ஒரு கூரையைச் சொந்தமாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். எந்தப் படிப்புக்காகவும் அந்தக் கூரையை மறுபடி அடகு வைக்காதீர்கள்.

சரி, மகளுக்கு என்ன வழி? மெட்ரிகுலேஷனுக்கு (அரசாங்கத்தின் பல்கலைக்கழக முன்படிப்பு) மனு போட்டுவிட்டாளா? அதில் செலவு ஏறக்குறைய இல்லை, கைச்செலவுக்குப் படியும் கொடுக்கிறார்கள். கிடைக்காவிட்டால் படிவம் 6. அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். மூன்று பருவம், ஒன்றரை வருஷம், வீட்டுச் சாப்பாடு. அதை வைத்துக்கொண்டு யு.பி.யு. என்ற பொது மனு முறை வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனு போடலாம். மருத்துவ இடங்கள் குறைவு, போட்டி கடுமை. அதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தியல், தாதிமை, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் போன்றவற்றையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

அரசாங்க இடம் கிடைத்தால் பி.டி.பி.டி.என். கடன் போதுமானதாக இருக்கும். ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் சேவைக் கட்டணம். இவ்வளவு மலிவான கடன் வேறெங்கும் உங்களுக்குக் கிடைக்காது. முதல் வகுப்பில் தேறினால் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கவும் வழி இருக்கிறது. கடன் அவள் பெயரில் இருக்கட்டும். 24 வயதில் வேலைக்குப் போகிறவள் மாதம் கொஞ்சமாகக் கட்டி முடித்துவிடுவாள். உங்கள் 70 வயதுச் சாப்பாட்டுக்கு எந்த பேங்க்கும் கடன் கொடுக்காது.

தனியாரில்தான் மருத்துவம் என்று முடிவானால், செலவு லட்சங்களில் ஓடும். பி.டி.பி.டி.என். முழுக் கட்டணத்தையும் மூடாது. 'மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்ற பேச்சை முகவரிடம் எழுத்தில் கேளுங்கள், கொடுக்கமாட்டார். அந்தப் பட்டம் எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி நிர்ணய அமைப்பு) பதிவில் இருக்கிறதா, மலேசிய மருத்துவ மன்றம் ஏற்றதா என்றும் நீங்களே பாருங்கள். பக்கத்திலேயே செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வந்தால் விடுதிச் செலவாவது மிஞ்சும், அங்கேயும் விசாரியுங்கள். ஆனால் பேங்க் கல்விக்கடனுக்கு உங்களை ஜாமீன் போடச் சொன்னால், அவளுக்கு வேலை கிடைத்து முதல் தவணை கட்டும்போது உங்களுக்கு என்ன வயது என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் மகனுக்கு ஒரே ஒரு வரிதான். நான்கு வருஷத்தில் அவனும் கதவைத் தட்டுவான். அக்காளுக்கு எல்லாம் போய்விட்டது என்று அவனிடம் சொல்லும் நிலைமையை இப்போதே உண்டாக்கிவிடாதீர்கள்.

இந்தக் கணக்கை மகளையும் உட்காரவைத்துப் போடுங்கள். ஒரு தாளில் 3,200, 1,700, வீட்டுத்தவணை, மோட்டார் தவணை, மளிகை என்று எழுதிக் காட்டுங்கள். 17 வயதுப் பிள்ளைக்கு இது புரியும். மறைத்து வைத்தால்தான் பிள்ளைகளுக்கு, அப்பா விரும்பாததால் கொடுக்கவில்லை என்று தோன்றும்.

கேள்வி: அம்மா, நான் 33 வருஷம் பால்மரம் வெட்டினேன். இப்போது செம்பனைக் காட்டில் உரம் போடுகிறேன். போன மாதம் 55 முடிந்தது. சேமநிதியில் 61,000 வெள்ளி இருக்கிறது. மகன் லோரி வாங்க மொத்தத்தையும் கேட்கிறான். 55ல் எடுக்காவிட்டால் பணம் முடங்கிவிடும் என்கிறான். நிஜமா? கடிதத்தைப் பேத்தி எழுதுகிறாள். – ச., தோட்டத்து லயம்

பதில்: அம்மா, முடங்காது. 55 வயதில் எடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. அங்கேயே விட்டுவைத்தால் உங்கள் 100 வயது வரை ஈவுத்தொகை போடுவார்கள். வேண்டியபோது வேண்டிய அளவு எடுக்கலாம், மாதா மாதம் உங்கள் பேங்க் கணக்குக்கு வரும்படியும் எழுதிக் கொடுக்கலாம். 5.5 விழுக்காடு என்றால், 61,000க்கு ஈவுத்தொகை மட்டும் மாதம் சுமார் 280 வெள்ளி. முதலைத் தொடாமலேயே அரிசி, எண்ணெய், மின்சாரம் வந்துவிடும். இப்போது செய்கிற வேலைக்குப் போடும் சந்தா தனியாக எமாஸ் கணக்கில் சேரும், அதை 60ல் எடுக்கலாம்.

பேத்தி, நீ இதைப் பாட்டிக்கு நிதானமாகப் படித்துக் காட்டு.

என் அப்பா கதையைச் சொல்கிறேன். 1987. அப்பாவுக்கு 55 முடிந்தது. சேமநிதி செக் வந்தது, 11,000 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தாளை அவர் சாமிப் படத்துக்குப் பின்னால் மூன்று நாள் வைத்திருந்தார். விளக்கேற்றும்போதெல்லாம் படத்தைச் சாய்த்து அது இருக்கிறதா என்று பார்ப்பார். நான்காம் நாள் பேங்க்குக்குப் போனார். அண்ணன் கல்யாணத்துக்கு 6,000. பெரியப்பா மகனுக்குக் கைமாற்று 2,000. ஒரு பழைய மோட்டார். மாரியம்மன் கோயில் திருவிழா உபயம். வருஷம் முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, எல்லாம் நல்ல செலவுதான்.

அடுத்த வருஷம் ஆபீஸிலிருந்து வீட்டைக் காலி செய்யும் நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸை டைப் அடித்தது நான். அதே ஆபீஸில் ஜூனியர் கிராணியாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மேஜைக்கு வந்த பட்டியலில் ஏழு பெயர், மூன்றாவது பெயர் அப்பா. மூன்று பிரதி அடித்தேன், கார்பன் தாள் வைத்து. சாயங்காலம் நானே அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா அடுப்பங்கரையில் ஒட்டுப்பால் நாற்றம் போகக் கை கழுவிக்கொண்டிருந்தார். "எப்போ சாவி கொடுக்கணுமாம்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அப்பா இறக்கும்வரை நாங்கள் பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம்.

அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் தேடியது வீடு. இப்போது லயத்தில் இருக்கிறீர்கள். 60 வயதில் எங்கே போவீர்கள்? இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. மலிவு வீட்டுக்கு மனு போட்டுவிட்டீர்களா என்று தலைவரையோ கோயில் காரியதரிசியையோ கூட்டிக்கொண்டு போய் விசாரியுங்கள். அந்த 61,000, கூரைக்கான பணம்.

மகன் மேல் கோபம் வேண்டாம். அவனும் பிழைக்கத்தான் பார்க்கிறான். கொடுக்கவேண்டும் என்று மனசு கேட்டால் 5,000 கொடுங்கள், திரும்பி வராது என்று நினைத்தே கொடுங்கள். லோரிக்கு அவன் பெயரில் அவனே கடன் எடுக்கட்டும். ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வரிசையில் 12 பேர் மாதம் 300 வெள்ளி கூட்டு (சீட்டு) கட்டுகிறோம். மொத்தமாக 3,600 கைக்கு வருவதால் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவுகிறது. கணவர் சொந்தமாக வேன் ஓட்டுகிறார், சேமநிதி இல்லை. எனக்குத் தொழிற்சாலை வேலை, 1,700 வெள்ளி. கூட்டு நல்லதா, எஸ்.எஸ்.பி.என். (பி.டி.பி.டி.என். நடத்தும் கல்விச் சேமிப்பு) நல்லதா? – த.ரா., பாடாங் செராய்

பதில்: தங்கச்சி, கூட்டு நம் சனத்தின் பழக்கம். மலாய்க்காரர் 'குத்து' என்று சொல்வதும் இதைத்தான். 1971ல் வந்த தடைச்சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சட்டப்படி கூட்டு நடத்துவது குற்றம். நடத்துகிறவர் ஓடிவிட்டால் உங்கள் பணத்துக்கு எழுத்தும் இல்லை, ரசீதும் இல்லை. என் 30 வயதில் ஒன்பதாவது மாதத்தில் எனக்கு அது நடந்தது. 1,800 வெள்ளி. அந்தப் பெண்மணி எங்கள் பக்கத்து வரிசைதான், பிள்ளைக்குச் சுகமில்லை என்று எடுத்துச் செலவழித்திருக்கிறார். அவர் வாசலில் போய் நான் கத்தியது இன்றைக்கும் எனக்கு வேதனை.

நம் ஆட்கள் சேர்ந்து போட்ட பணம் பெருகியதும் உண்டு. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது, 1960ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றில் ஒன்று. பதிவு, ரசீது, கணக்காய்வு எல்லாம் அங்கே இருந்தன. உங்கள் கூட்டில் இருப்பது நம்பிக்கை மட்டும்.

இந்தச் சுற்று முடிந்ததும் விலகிக்கொள்ளுங்கள். அந்த 300 வெள்ளியை இப்படிப் பிரிக்கலாம். கணவர் பெயரில் சேமநிதியின் ஐ-சாரான் திட்டம் திறங்கள். சொந்தத் தொழில் செய்கிறவர் போடுகிற பணத்துக்கு 2025 முதல் அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது, வருஷத்துக்கு அதிகபட்சம் 500 வெள்ளி, ஆயுள் முழுக்க 5,000 வரை. மாதம் 210 போட்டால் வருஷம் 2,520. அந்த 500 முழுசாக வந்துவிடும். ஈவுத்தொகை அதற்கு மேல். வேன் ஓட்டுகிறவருக்கு முதுகு எத்தனை வயது வரை தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மீதி 90 வெள்ளி பிள்ளை பெயரில் எஸ்.எஸ்.பி.என். கணக்குக்குப் போகட்டும். நாளைக்கு பி.டி.பி.டி.என். கடன் கேட்க அந்தக் கணக்கு எப்படியும் வேண்டும். ஆனால் '8,000 வெள்ளி வரை வரிச்சலுகை' என்று சொல்லி யாராவது பெரிய தொகை போடச் சொன்னால் மயங்காதீர்கள். 1,700 சம்பளத்தில் நீங்கள் வருமான வரியே கட்டுவதில்லை. கட்டாத வரிக்கு என்ன சலுகை?

கேள்வி: மகனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. பதிவுக்கும் விடுதிக்கும் 2,000 வெள்ளி உடனே வேண்டும். சங்கிலியை அடகு வைப்பதா, கடன் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் வாங்குவதா? – ஒரு தாய்

பதில்: முதலில் உங்கள் சேமநிதியின் ஃபிளெக்சிபல் கணக்கைப் பாருங்கள். 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இப்படிப்பட்ட செலவுக்குத்தான் அந்தப் பத்து விழுக்காடு. போதவில்லை என்றால் சங்கிலி. பஜாக் (அடகு) கடையில் மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் அனுமதிக்காது, ஆறு மாதத்துக்குள் மீட்கவேண்டும். இஸ்லாமிய முறை அடகுக் கடையான அர்-ரஹ்னுவிலும் விசாரியுங்கள், நாமும் அங்கே வைக்கலாம், அவர்கள் வாங்குவது காப்புக் கட்டணம்தான். இரண்டு இடத்திலும் ஆறு மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, குறைந்த இடத்தில் வையுங்கள். சீட்டின் தேதியை நாள்காட்டியில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

அந்தக் கடன் கொடுப்பவரிடம் போகாதீர்கள். உரிமம் உள்ளவர் அடமானமில்லாமல் கொடுத்தால் வருஷத்துக்கு 18 விழுக்காடுதான் வாங்கலாம். அவர் வாரத்துக்கு எவ்வளவு என்று பேசினால், உடனே எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கனவே பேங்க் கடன்களில் மாட்டிக்கொண்டவர்கள் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அலுவலகத்துக்குப் போனால் அவற்றை ஒழுங்குபடுத்த இலவசமாக உதவுவார்கள்.

கேள்வி: 2009ல் வேலைக்குச் சேர்ந்தபோது சேமநிதிக்கு வாரிசாக அம்மா பெயரைப் போட்டேன். அம்மா காலமாகிவிட்டார். இப்போது மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். உயில் எழுதினால் போதுமா? – வே., சுங்கைப் பட்டாணி

பதில்: போதாது. முஸ்லிம் அல்லாதவருக்கு சேமநிதிப் பணம் வாரிசுப் பாரத்தில் (படிவத்தில்) உள்ள பெயருக்குத்தான் போகும், உயில் அதைத் தொடாது. சுங்கைப் பட்டாணியிலேயே சேமநிதி அலுவலகம் இருக்கிறது. ஐ.சி.யை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் போய்ப் புதுப் பாரம் போடுங்கள். மனைவிக்கு எத்தனை விழுக்காடு, பிள்ளைகளுக்கு எத்தனை என்று வீட்டிலேயே பேசிவிட்டுப் போனால் அங்கே தடுமாறவேண்டாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சம்பளச் சீட்டையோ சேமநிதி அறிக்கையையோ அனுப்பும்போது ஐ.சி. எண்ணையும் கணக்கு எண்ணையும் கறுப்பு மையால் அழித்துவிட்டு அனுப்புங்கள். எனக்குத் தொகையும் வயதும் தெரிந்தால் போதும்.